படத்தில் செத்துப்போன மாப்பிள்ளை

நேற்று டிவியில் அந்தச் சண்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா புளுகறாருங்கப்பா. அந்த மலையில இருந்த எல்லாருமே செத்துட்டாங்க" என்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்து சொன்னீர்கள். கண்ணுகளா, இந்த வழக்கை உங்கள் பெரியப்பா முன்னமே ஒருமுறை வாதாடி முடித்துவிட்டார். அப்போது அவர் கல்யாணமே இதில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் பட்டாளத்தை விட்டு மீனாட்சிபுரம் வந்து, எருமை வாங்கிக் கட்டியிருந்தார். பக்கத்து ஊரான பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் பெண் பேசினோம். நம் வழக்கப்படி அம்மன் கோயிலில் பூக் கேட்டோம். சிலைமேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் அம்மனுக்குச் சம்மதம். வலப்பக்கம்தான் விழுந்தது.

அதற்கப்புறம்தான் கொட்டகைக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது. 'உண்மைச் சம்பவம்' என்று சுவரொட்டி சொன்னது. அண்ணன் காவல் இருந்த அதே பனிமலையின் பேரும் போட்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாப்பிள்ளை இருந்த சண்டைங்க" என்று வழியில் கண்டவரையெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணன் எங்களுக்குச் சொன்ன சண்டையில் பனியை உருக்கி டீ போடுவார்கள். நனைந்த காலுறை எப்போது காயும் என்று காத்திருப்பார்கள். தலையில் பேன் இருக்கும். படத்தில் கதாநாயகன் அந்தப் பனியில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நின்றான். கழுதையே ஏற மாட்டேன் என்று நின்ற மலை அது என்பார் அண்ணன். காதலி மெல்லிசான சேலையில் அதன் உச்சிக்கு வந்து ஒரு பாட்டு ஆடிவிட்டு இறங்கினாள். கடைசியில் வரிசையாகச் செத்தார்கள். குண்டு பட்ட ஒவ்வொருவனும் அம்மாவுக்கு, தங்கைக்கு, நாட்டுக்கு என்று சொல்ல வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்துத்தான் கண்ணை மூடினான். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஒருவர் மட்டும் சிரித்துவிட்டார். பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தார்.

விடிந்ததும் எங்கள் வாசலில் நின்றார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்த மலையில ஒருத்தரும் மிஞ்சலீங்களே. நீங்க மட்டும் எப்படிங்க மிஞ்சினீங்க?"

"நெம்பப் பேரு மிஞ்சினோமுங்க மாமா. செத்தது ரெண்டு பேருதானுங்க."

"அப்பப் படம் பொய்யுங்களா? உண்மைச் சம்பவம்னு எழுதியே காட்டுனானே!"

"எழுதுனவன் அங்க வரலீங்க."

"ஒண்ணு, நீங்க ஓடியாந்திருக்கோணும். இல்லீன்னா அங்க போயே இருக்க மாட்டீங்க. எதுன்னு சொல்லிப்போடுங்க."

எங்கள் அம்மா பதறிப்போய், "அம்மனே பூக் குடுத்துருச்சுங்களேண்ணா" என்றார்.

"பூக் குடுத்தப்பப் படம் வரலீங்களே, அம்மிணி."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அம்மனுக்குப் படம் பார்க்க வாய்க்கவில்லை, அதனால் அந்தத் தீர்ப்பு செல்லாது என்பது அவர் கட்சி.

கல்யாணத் தரகர் என் அண்ணனைத் தனியே கூப்பிட்டார். "பக்கத்து மலையில இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க தம்பி. ஒரு மலை தள்ளிப் போறதுல உங்களுக்கு என்னங்க நட்டம்?"

அண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிருந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். எருமையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேருல ஒருத்தன் குளுர்க் காய்ச்சல்ல செத்தான்டா. நான்தான் வாயில தண்ணி ஊத்துனேன். படத்துல அவனே இல்லை. நானும் அங்க இல்லைன்னு சொல்லிப்போட்டா, அவன் எங்கதான்டா செத்தான்?"

காய்ச்சலில் சாகிறவனுக்கு எந்தப் படக்காரன் பாட்டுப் போடுவான்?

அடுத்த வாரம் முடிவு கேட்கப் பெருமாட்டிக்குப் போனோம். தரகர் அண்ணனின் காலை மிதித்தார். அண்ணன் காலை நகர்த்திக்கொண்டு, "நான் அந்த மலையிலதானுங்க இருந்தேன்" என்றார்.

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். முடிந்தது என்று நானும் செருப்பைத் தேடினேன். அப்போது மாட்டுக் கொட்டத்திலிருந்து பால் செம்போடு அந்தப் பெண்ணே வந்து நின்றது.

"ஏனுங்கப்பா, அந்த மலையில கடைசியாச் செத்தாருல்லீங்க, அவரு இந்த வாரம் நம்ம கொட்டகையில வேற படத்துல பட்டு ஜிப்பா போட்டுட்டு ஆடறாருங்க. அவரு எப்படி மிஞ்சினாருன்னு முதல்ல கேட்டுட்டு வாங்க. அப்புறம் இவரைக் கேக்கலாமுங்க."

"அது நடிப்பு, புள்ளை!"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்."

பெண்ணின் அப்பா துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டாங்க" என்றார். தரகர் முந்திக்கொண்டு, தனக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனாலும் மாமனார் படத்தை முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. பந்தியில் யாரோ, "மாப்பிள்ளை அந்தப் படத்து ஆளுங்களா?" என்று கேட்டதற்கு, "அவரேதானுங்க. படக்காரங்கதான் அவசரப்பட்டுக் கொன்னுபோட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி உங்கள் பாடு. பெரியப்பா அந்த மலையில் இல்லை என்று தோன்றினால் பெரியம்மாவிடமே போய்ச் சொல்லுங்கள். சாயங்காலம் பால் கறக்கிற நேரம், கையில் செம்பு இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றே சொல்லுங்கள்.