எட்டில் ஐந்து

கேஸை மூடினேனா என்று பாதிப் படியில் நின்று யோசித்து, மறுபடி மாடியேறிப் போய்ப் பார்க்கிறவள் நான். மகளுக்குக் காய்ச்சல் இல்லை என்று தெர்மாமீட்டர் சொன்ன பிறகும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். நெற்றி சுடவில்லை என்றால் என் கையைச் சந்தேகிப்பேன். அப்படிப்பட்டவளை வானத்தைப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் என் கணவர் சிரித்தார்.

"சாம்பாருக்கு உப்பு போட்டியான்னு கேட்டாலே ரெண்டு பதில் சொல்ற. வானத்துக்கு எத்தன பதில் சொல்லப் போற?"

ஒன்றுதான் சொன்னேன். அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அணுபுரம் குவார்ட்டர்ஸில் மூன்று வருடம் வீட்டோடு இருந்த பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில் சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சில நிமிடம் கடற்கரையைச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கும் சின்னக் கம்பெனி. தெற்கே அணு உலை இருப்பதால் அந்தப் பக்கம் பறக்கத் தடை. கரையோரமாக வடக்கே போய்த் திரும்ப வேண்டும். ஏறுகிறவர்களின் எடையைப் பார்ப்பதும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் மேகத்தைப் பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு.

மேகத்தைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வானம் முழுவதையும் மனதுக்குள் எட்டுப் பங்காக வெட்டிக்கொள்ள வேண்டும். சிதறிக் கிடக்கும் மேகங்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினால் எத்தனை பங்கு நிறையும் என்று பார்க்க வேண்டும். நாலு வரை நிறைந்தால் மேகம் இருக்கிறது, அவ்வளவுதான்; பறக்கலாம். ஐந்தாவது பங்கும் நிறைந்துவிட்டால் கதை மாறிவிடும். வானத்தில் பாதிக்கு மேல் மூடிவிட்ட அந்த மேகத்தின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் சீலிங். எங்கள் சீலிங் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் பறக்கக் கூடாது என்பது ஹெலிகாப்டரை ஓட்டும் கேப்டன் போட்ட விதி. அவர் ஒருவர் 'சரி' என்றால் போதாது, நானும் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் வண்டி தரையில்தான் நிற்கும்.

உயரத்தைக் கணக்குப் போட்டு விடலாம். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தால் மேகம் ஏறத்தாழ எத்தனை அடியில் உருவாகும் என்று சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. ஆனால் நாலா ஐந்தா என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கண்தான்.

அன்று காணும் பொங்கல். மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமில்லை. மைதானத்துக்கு வெளியே கரும்பு ஜூஸ் வண்டிகள், பலூன்காரர்கள், வேனில் வந்து இறங்கிய குடும்பங்கள். முந்தின நாளே கருங்குழியிலிருந்து என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கணவருக்கு ஷிப்ட். அதனால் என் நாலு வயது மகளை நாத்தனார் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவதாகவும், மூன்றாவது சுற்றில் இருவரும் ஏறுவதாகவும் பேச்சு. இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுத்தான்.

காலையில் கடலிலிருந்து தாழ்வான மேகங்கள் வந்துகொண்டிருந்தன. கணக்குப்படி எண்ணூறு அடி. முதல் சுற்றுக்கு நாலு என்றேன். போனார்கள், வந்தார்கள். இரண்டாவது சுற்றுக்கும் நாலு என்றேன். நாத்தனாரும் மகளும் எடை பார்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள். மகள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். வாக்கி-டாக்கியில் சொன்னேன்.

"கேப்டன், அஞ்சு. சீலிங் எண்ணூறு. இந்த ரவுண்டு வேண்டாம்."

ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி அவரே நடந்து வந்தார். ராணுவத்தில் மலைப் பிரதேசங்களில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கத்த மாட்டார்.

"அரை மணி முன்னாடி இதே வானம்தானேம்மா?"

"இல்ல சார். இப்ப நெறஞ்சிருக்கு."

"அடிவானத்து ஓரமா தெரியறத எண்ணாத. தூரத்து மேகம் பக்கவாட்டுல தெரியும், நடுவுல இருக்கற சந்து மறைஞ்சிடும். நெஜத்த விட ஜாஸ்தியா காட்டும்."

அது உண்மைதான். பாடத்திலேயே படித்திருக்கிறேன். அதனால்தான் மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். உள்ளூர்க்காரர். இதற்கு முன்னால் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். எனக்கு 'சீலிங்கம்மா' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"இன்னா சீலிங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ற? மேல பாரு, நீலமா கீது. இதுல எங்கம்மா சீலிங்கு?"

"நீலம் இருக்குதுண்ணா. பாதிக்குக் கம்மியா இருக்குது."

"வண்டி பதினஞ்சாயிரம் அடி ஏறும்னு கேப்டனே சொல்லிகிறாரு. நீ எண்ணூறு அடில மறிச்சிகினு நிக்கிற!"

இந்தக் குழப்பம் வழக்கமாக வருவதுதான். வண்டிக்கும் ஒரு சீலிங் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலியும், ஏறும் வேகம் குறையும், ஓர் உயரத்தில் அதற்கு மேல் ஏற வண்டிக்குத் திராணி இருக்காது. வெயில் கூடினாலும் ஆள் கூடினாலும் அந்த உயரம் இறங்கும். அதற்காகத்தான் எல்லோரையும் தராசில் நிற்க வைக்கிறோம். அது வண்டியின் பலம். நான் சொல்வது அதுவல்ல. தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பறக்கிற ஆளுக்கு மேகத்துக்கும் மண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்பது. வண்டிக்கு எத்தனை பலம் இருந்தாலும் அந்த இடம் ஓர் அங்குலம்கூட அதிகமாகாது.

இதை அவருக்குச் சொன்னேன். பாதியிலேயே கையை உதறினார்.

"அதெல்லாம் சரி. மொத ரெண்டு ரவுண்டுக்கு நாலு. ஒம் பொண்ணு ஏற சொல்ல மட்டும் அஞ்சா? புள்ள பெத்தப்புறம் ஒனக்கு எல்லாமே மேகமா தெரியுது."

வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னா அண்ணி இது? நான் பாத்துக்க மாட்டனா? வூட்லயும் இப்டிதான், ஊஞ்சல்ல ஏறாத, தண்ணில எறங்காதன்னு. நாலு பேரு எதுக்க மானத்த வாங்குற."

எடை பார்க்கும் கூடாரத்தைத் தாண்டி, மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர்கள் கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வியை என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பார்த்தது மேகமா, என் பயமா? முதல் இரண்டு சுற்றிலும் ஏறியவர்களில் குழந்தைகள் இல்லையா? மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தையை நானே தராசில் தூக்கி நிறுத்தினேனே. அப்போது நாலு என்றேனே. அது ஐந்தாக இருந்திருந்தால்? அல்லது இப்போது இருப்பது நாலாக இருந்தால்?

சூரியனுக்கு முதுகு காட்டி நின்றேன். கேப்டன் சொன்னபடி ஓரத்தில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். தலைக்கு மேலே இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தேன். சாம்பல் நிறத்தை ஒரு பக்கமாகத் தள்ளினேன். ஐந்து. திரும்பி நின்று மறுபடி தள்ளினேன். ஐந்து. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்றாவது முறை போய்ப் பார்க்கிறவளுக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது அந்தப் பழக்கம் கைகொடுக்க வேண்டாமா? மூன்றாவது முறையும் ஐந்து.

திரும்பி வந்தபோது மேனேஜர் குரலை இறக்கியிருந்தார். சமாதானம் பேசுகிற குரல்.

"சரிம்மா. ஒனக்கும் வேணா, எனக்கும் வேணா. பாப்பாவ வரிசைலர்ந்து எறக்கிக்கோ. மத்தவங்க போவட்டும். கேப்டனும் நாலுன்னு தான சொல்றாரு."

சுலபமான வழி. என் பிள்ளை என் கையில், வேலை என் கையில், யாருக்கும் கோபமில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"எம் பொண்ணு எறங்கினாலும் அஞ்சுதாண்ணா. எறங்கினதும் நாலு ஆயிடுச்சுன்னா அப்ப நீங்க கேக்கறது சரி. அவ இருந்தாலும் அஞ்சு, இல்லன்னாலும் அஞ்சு. எழுதிக்கோங்க."

"கேப்டன், நீ சொல்லு சாரே!"

கேப்டன் அண்ணாந்து பார்த்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு நாலுதான் தெரியுது," என்றார். "ஆனா ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம். விதி நான் போட்டது." ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் என் பக்கம் பேசினார் என்று நினைத்துவிட வேண்டாம். என் கண்ணை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் சொன்னது சரி என்று நிரூபிக்க அன்று எதுவும் நடக்கவும் இல்லை. இடி இடிக்கவில்லை, மழை கொட்டவில்லை. மேகம் இன்னும் தாழ்ந்து வந்து எல்லோரும் என்னை வியந்து பார்க்கவில்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குச் சற்று அதிகம்; கடல் காற்று திசை மாறியது, மேகம் கிழியத் தொடங்கியது. வெயில் மைதானத்தில் பளிச்சென்று விழுந்தது. வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கிண்டலாகத்தான்.

"பாத்தியா அண்ணி? இதுக்குத்தான் இந்தக் கூத்தா?" என்றாள் நாத்தனார்.

கலைந்துவிட்டதால் முன்பு மூடியிருந்தது பொய்யாகிவிடாது. சுகமான குழந்தைக்கு முந்தின நாள் காய்ச்சல் இருந்ததே இல்லை என்று யாராவது சொல்வார்களா? ஆனால் அதைச் சொல்லி வாதாட அப்போது நேரமில்லை. பார்த்தேன். பிரித்தேன். ஒதுக்கினேன்.

"கேப்டன், மூணு. சீலிங் இல்ல. போலாம்."

மேனேஜர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பா?"

"பாப்பாவும்தான்."

பெல்ட்டை நானே மாட்டினேன். நாத்தனார் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகள் காதை மூடிய ஹெட்போன் பெரிதாக இருந்தது. "அம்மா நீ வரல?" என்றாள். "அம்மாக்கு கீழ வேல இருக்கு," என்றேன். கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து ஓடி வரும்போது மேனேஜர் கேட்டார்:

"இப்ப பயமா இல்லியா ஒனக்கு?"

"பயம் இருக்குதுண்ணா. மேகம் மூணுதான் இருக்குது."

ஹெலிகாப்டர் எழுந்து கடற்கரையோடு வடக்கே திரும்பியது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பார்க்கவில்லை. என் வேலை அதுவல்ல. கிழக்கே திரும்பி நின்றேன். கடலுக்கு மேலே அடுத்த கூட்டம் சாம்பலாகத் திரண்டு வந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் தட்டையாக, சந்து இல்லாமல். அது மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் இறங்கிவிடுவார்கள். அடுத்தவர்களுக்கு நேரம் இருக்காது.

மேனேஜர் அடுத்த ஐந்து பேரைக் கயிற்றுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புது மணமக்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள். எனக்கு யாரென்றே தெரியாதவர்கள்.

வாக்கி-டாக்கியை எடுத்தேன். "கேப்டன், இதோட எறங்கிடுங்க. அடுத்த ரவுண்டு வேண்டாம்."

"யக்கோ!" என்று மேனேஜர் தலையில் கை வைத்தார்.

"ஆமாண்ணா," என்றேன். "நான்தான் சொல்றேன்."