மச்சானின் நெகட்டிவ் ரிப்போர்ட்

போதைப்பொருளைப் பற்றிப் பேசலாம், மற்றதைப் பற்றிப் பேசக்கூடாது. எங்கள் கரையில் எனக்குக் கிடைக்கும் அனுமதி இவ்வளவுதான். மாதா கோயில் மண்டபத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கும்போதெல்லாம் பங்குச்சபையிலிருந்து யாராவது முன்கூட்டியே வந்துவிடுவார்.

"மிஸ், குடு, ஐஸ் போதையெல்லாம் வடிவாச் சொல்லுங்க. எயிட்ஸ் கதை மட்டும் வேண்டாம். பொம்பிளைப் பிள்ளைகளும் இருக்கிறாங்க."

இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லத்தான் சுகாதாரக் கந்தோரில் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

போன வருடம் என் தங்கையின் கணவர் போதைப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போகிறவர். ஐஸ் பழகியபின் கூட்டாளிகளோடு நீர்கொழும்புப் பக்கம் மாதக்கணக்கில் திரிந்தார். இப்போது உடம்பு தேறி, முகம் தெளிந்திருந்தது. தங்கை நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மச்சான், அங்க எச்.ஐ.வி.க்கு ரத்தம் சோதிச்சவங்களா?"

"இல்லை. நான் ஊசி போடல்லையே மச்சாள். புகைதானே இழுத்தனான்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஐஸ் ஏறிய மனிதருக்கு நித்திரையும் இல்லை, பயமும் இல்லை. யாரோடு படுத்தோம், ஆணுறை போட்டோமா என்பது விடிந்தபிறகு நினைவிலும் இருக்காது. கிருமி வர அது போதும், ஊசி வேண்டியதில்லை. நான் அதைச் சொன்னதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற தங்கை வெளியே வந்தாள்.

"அக்கா, உன்ட வேலைய உன்ட கந்தோரோட வச்சுக்கொள். மனிசன் இப்பதான் திருந்தி வந்திருக்கிறார். திரும்பவும் ஒரு கெட்ட பேர் வாங்கிக் குடுக்கப் பாக்கிறியா?"

"உனக்காகத்தான் கேக்கிறன்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அதோடு அவள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சில வாரங்கள் கழித்து மச்சானே போன் எடுத்து, கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் கூடப் போனேன். முடிவு நெகட்டிவ். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தங்கை சந்தோஷத்தில் அந்த ரிப்போர்ட்டைப் பற்றி அயலெல்லாம் சொல்லிவிட்டாள். கரையில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவருடைய பழைய கூட்டாளிகள் இருவரைச் சோதனைக்குக் கூப்பிட நான் போனபோது, மூத்தவர் சிரித்தார்.

"அவர் எங்களோடதானே திரிஞ்சவர். அவருக்கு இல்லையெண்டா எங்களுக்கும் இல்லைத்தானே மிஸ்."

ஒருவருடைய இரத்தம் இன்னொருவருக்குப் பதில் சொல்லாது என்று எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. பக்கத்துப் படகில் நின்ற மச்சான் இறங்கி வந்தார்.

"நான் தப்பினது என்ட கெட்டித்தனம் இல்லை. போய்ப் பாருங்கடா."

மூத்தவர் வலையைத் தன் பக்கம் இழுத்தார். இளையவர் என்னைப் பார்த்து, "அங்க பேர் ஊர் எல்லாம் வெளிய சொல்லுவாங்களா?" என்றார்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டாங்க. நானும் கேக்கமாட்டன்."

"அப்ப திங்கள் வாறன்."

திங்கட்கிழமை பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். கிளினிக் மூடும் நேரம்வரை அவர் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. நிழல்கூட இல்லாத அந்த இடத்தில் நின்றபடி யாரை ஏசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரையா, ஊருக்கெல்லாம் சொன்ன தங்கையையா, இந்தக் கதையை மண்டபத்தில் பேசவிடாதவர்களையா? நாளைக்குத் திரும்பவும் கரைக்குப் போய் அவரைத் தேட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. எரிச்சலோடு வீட்டுக்கு பஸ் ஏறினேன்.