ரொட்டிக்கல்லில் சுட்ட ஓஸ்தி

தேவாலாப் பக்கம் ஓர் எஸ்டேட் கோயிலில் நான் பங்குக் குருவாக இருந்தபோது நடந்தது இது. பிள்ளைகள் முதன்முறையாக நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்கும் புதுநன்மை ஞாயிறு. காலையில் பூசைச் சாமான் அலமாரியைத் திறந்தால், அதற்கென்று சிலுவைக் குறி பதித்துச் செய்த கோதுமை வில்லைகளான ஓஸ்தி இருந்த டப்பா முழுக்கப் பச்சைப் பூசணம். அந்த ஊர் மழையில் செருப்பே பூசணம் பிடிக்கும், ஓஸ்தி எம்மாத்திரம்? கூடலூர் ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. வேறு ஓஸ்திக்கு வழியில்லை.

முதன்முறை நன்மை வாங்க ஆறு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்த மாசம் வெச்சுக்கலாம்னு சொல்லீருங்க ஃபாதர்" என்றார் உபதேசியார் சூசை. எனக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் கோயிலைக் கட்டிக் காத்தவர்.

கொழுந்து பறிக்கும் ஆரோக்கியம் காதில் அது விழுந்துவிட்டது. "ஏனுங்க சாமி, போன வருசமும் மழைன்னு தள்ளிப்போட்டீங்க. தெச்ச கவுனு பத்தாம வேற தெச்சேன். இன்னிக்கும் இல்லீன்னா என்ற புள்ளைய நான் கோயிலுக்கே அனுப்பமாட்டேனுங்க."

சொன்னால் செய்கிறவள். ஒரு குடும்பம் போனால் லைன் வீடுகளில் நாலு குடும்பம் பின்னால் போகும்.

குருமடத்தில் திருச்சபைச் சட்ட வகுப்பு என்றால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எனக்கு அது பிடித்த பாடம். பூசை வைக்கும் முறை முழுவதும் அந்தச் சட்டத் தொகுப்பில் இருக்காது. வழிபாட்டு ஒழுங்குகளுக்குத் தனிப் புத்தகங்கள் உண்டு. சட்டத்துக்கு முரணாகாதவரை அவை செல்லும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கும். ஆக, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்பம் வெறும் கோதுமையில், புதிதாக, புளிப்பில்லாமல் சுட்டதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பார்த்தால் உணவு என்று தெரிய வேண்டும், பிட்டுக் கொடுக்க வர வேண்டும் என்கிறது பூசைப் புத்தகம்.

"ரொட்டி சுட்டுக்கலாம்" என்றேன்.

சூசை பதறிப்போனார். "சிலுவைக் குறி இல்லாத ஓஸ்தியில வெச்ச பூசை செல்லாதுங்க ஃபாதர்!"

"எந்தச் சட்டத்துலங்க இருக்குது?"

"எப்பவும் அப்படித்தானுங்களே?"

"எப்பவும்ங்கறது பழக்கமுங்க. நான் கேட்டது சட்டம்."

கேன்டீன் சமையல்காரர் ராயப்பன் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். ஆசை ஆசையாகச் சுட்டுக் கொண்டுவந்தார். தடித்தடியாக, அந்த ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பூவும் உப்பும் போட்ட ரொட்டி! வாசனை கோயிலையே தூக்கியது.

"கோதுமை மாவும் தண்ணியும் மட்டும்தான் ராயப்பன். உப்புக்கூட வேணாம்."

"உப்பில்லாமலா? ஆண்டவருக்கா ஃபாதர்?" மனிதருக்கு மனசே கேட்கவில்லை.

அடுத்த ஈட்டுக்கு நானே கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மெல்லிசாக, வெள்ளையாக, ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் வந்தது. தேங்காய் ரொட்டி பூசைக்குப் பிறகு பாட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

பூசைக்கு முன் சபைக்கு விஷயத்தை விளக்கினேன். ரொட்டியைப் பிட்டு முடிக்க நேரமானது. துணுக்கு சிந்தாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு பிள்ளைகளும் நன்மை வாங்கினார்கள். தகரக் கூரையில் மழை அடித்த அடியையும் மீறிச் சபை பாடியது. அப்படி ஒரு பாட்டை அந்தக் கோயிலில் நான் கேட்டதில்லை. வரிசையில் கடைசியாக வந்த சூசை, எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரோடு திறந்ததும் புகார் மேலிடத்துக்குப் போய்விட்டது. எங்கள் வட்டாரக் குருக்களுக்குத் தலைவரான பெரிய சாமியார் கூப்பிட்டு அனுப்பினார்.

"சப்பாத்தியில பூசை வெச்சீராமே?"

இரண்டு புத்தகங்களையும் விரித்து அவர் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார்.

"உப்புப் போடலையே?"

"போடலீங்க ஃபாதர்."

"அப்பப் போய் வேலையைப் பாரும்" என்று சிரித்தார்.

இளம் குருக்களுக்குச் சொல்கிறேன்: சட்டம் தெரியாதவன்தான் எதற்கெடுத்தாலும் கூடாது என்பான். அன்று ஒரு சிட்டிகை உப்பைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் ஆறு பிள்ளைகளுக்கும் தைரியமாக நன்மை கொடுத்தேன்.