பெயர் சொல்லாமல் வைத்த ஜெபக் குறிப்பு

அன்பானவர்களே, என்னால் சந்தோஷமாக ஆரம்பிக்க முடியவில்லை. போன வருடப் பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம், ஒரு பதினாறு வயதுப் பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நாலு நாள் தவித்தேன். அதற்குக் காரணமும் நான்தான்.

மலேசியாவில், ரப்பர் எஸ்டேட்டை விட்டு உலு யாம் ஊர்ப் பக்கம் குடிவந்த குடும்பங்கள்தான் எங்கள் சபை. சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தை ஏழு வருடமாக நான் நடத்துகிறேன். வருவது ஒன்பது பிள்ளைகள். பாட்டு, விளையாட்டு, மைலோ, கடைசியில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு. அவற்றை அன்றே சபையின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவேன், பெரியவர்களும் ஜெபிக்கட்டும் என்று.

அந்தப் பெண்ணை ஜெனி என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அப்பா எங்கள் சபை மூப்பர். அன்று வட்டத்தில் அவள் பரீட்சைக்காக ஜெபிக்கச் சொன்னாள். பிறகு வீட்டில் இறக்கிவிடும்போது, காரை விட்டு இறங்காமல் சொன்னாள்: “அக்கா, அப்பா அம்மாவ அடிக்கிறாரு. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க லா.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வீட்டுக்குப் போய்க் குழுவில் எழுதினேன், நம் வாலிபச் சகோதரி ஒருத்தியின் வீட்டில் தகப்பன் தாயை அடிக்கிறார், பாரத்தோடு ஜெபியுங்கள் என்று. பெயர் போடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒன்பது பேரில் பெண்கள் மூன்றே பேர் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒருத்திக்கு அப்பா இல்லை. இன்னொருத்தி போதகரின் மகள். குழுவில் எல்லாரும் கும்பிடும் கை போட்டிருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் மகளைப் போதகர் முன்னால் நிறுத்தி, இது உண்மையா என்று கேட்டார். பொய் என்றாள் ஜெனி. அவள் என்னைப் பார்த்தாள். குழுவில் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நான், அங்கே வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஜெனியும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. இரண்டு போனும் அணைந்திருந்தன. சொந்தத்தில் ஒரு சாவு, போயிருக்கிறார்கள் என்றார் மூப்பர். போலீசுக்குப் போகலாம் என்றேன். சபையின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள் போதகரும் மற்றவர்களும். புதன்கிழமை நானே போய் ரிப்போர்ட் கொடுத்தேன். ஆண்டவரே, அந்தப் பிள்ளையை எங்களிடம் திருப்பிக் கொண்டுவாரும் என்று அழுதேன். அந்த ஜெபத்தை எந்தக் குழுவிலும் போடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஜெனிதான். சுங்கை சோவில் சித்தி வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போன கையோடு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

“அக்கா, ஜெபம் பண்ணச் சொல்லி நான் சொல்லல. உங்க ஒருத்தருக்காச்சும் தெரியட்டும்னுதான் சொன்னேன்.”

மன்னிப்புக் கேட்டேன். சரி என்று வைத்துவிட்டாள்.

மூப்பர் இன்னும் முன்வரிசையில் உட்காருகிறார். ஜெனி எந்தச் சபைக்கும் போவதில்லை. இந்தச் சாட்சியை முதலில் அவளுக்கு அனுப்பி அனுமதி கேட்டேன். ஞாயிறு மாலை அந்த வீட்டில் நடந்ததை எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் கூட்டத்தில் அந்த வட்டம் கிடையாது. ஒரு பிள்ளை என்னிடம் ஏதாவது சொன்னால், உதவி கிடைக்கும் இடத்துக்கு அவளோடு நானே போகிறேன். மற்றதை ஆண்டவரிடம் மட்டும் சொல்கிறேன். நீங்களும் அவரை நம்பி அப்படிச் சொல்லிப் பாருங்கள். அவர் யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய மாட்டார்.

எங்களிடம் திருப்பிக் கொண்டுவாரும் என்று கேட்டேன். அவர் அவளை எங்களிடமிருந்து தப்புவித்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.