மூன்றாம் நாள் வலி

போடிநாயக்கனூர் பள்ளிவாசல் தெருவில் கமருதீனின் வீட்டார் எல்லோரும் ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள். இவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மதுரைக்குப் போய் மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு, 1909-இல் மலையடிவாரத்து முந்தலில் ஒரு தோட்டத்து மருந்துக் கொட்டகையில் கம்பவுண்டராக வந்து உட்கார்ந்தார். காய்ச்சலுக்குக் கொயினா, அட்டைக்கடிக்கு மருந்து, அவ்வளவுதான் வேலை. அதோடு நின்றிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். தொடைச் சதையைப் போய் ஆராயக் கிளம்பினார்.

மலைத் தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து முந்தலுக்கு இறங்கும் புது ஆட்கள், வந்த அன்றைக்குச் சிரித்துப் பேசுவார்கள். மறுநாள் தொடையில் ஏதோ பிடிப்பு என்பார்கள். மூன்றாம் நாள் குந்தினால் எழுந்திருக்க முடியாது. அடியில்லை, காய்ச்சலில்லை. இதே ஆட்கள் அரிசி மூட்டையோடு அதே மலையில் ஏறினால் நாக்குத் தள்ளும், ஆனால் இந்த மூன்றாம் நாள் வலி வராது. ஏறுவதுதானே கஷ்டம்? இறங்கினவருக்கு ஏன் வலிக்க வேண்டும்? கமருதீன் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

கண்காணி சீனிச்சாமிக்கு அந்தக் குழப்பமே இல்லை. "வந்தன்னைக்கு வலிக்காதாம், ரெண்டு நாக் கழிச்சு வலிக்குமாம். எந்த ஊரு வலி இது? அம்புட்டும் நடிப்பு, கம்பவுண்டரே."

நடிக்கிறவர்களை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. 1911 தை மாதம் அந்தப் பட்டியலில் ராசிங்காபுரத்து ஆயம்மாளின் பெயர் ஏறியது. புருஷனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள், இரண்டு பிள்ளைகள் வேறு. அதுதான் அவள் சுமையோடு இறங்கிய முதல் நடை. கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக மேல சத்தியமா வலிக்குதுண்ணே. இந்தச் சோலியும் போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

கமருதீன் நம்பினார். நம்பாமல் எப்படி இருப்பார்? பத்து நாளைக்கு முன்புதான் அவரே ஒரு மூட்டையைச் சுமந்து இறங்கிப் பார்த்திருந்தார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகையில் நெற்றி தரையில் பட சஜ்தாவுக்குக் குனிந்தவரால் எழ முடியவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது, உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

துரையிடம் போய், மறுபடியும் சுமந்து காட்டுகிறேன், மூன்றாம் நாள் என்னைப் பாருங்கள், அதன்பிறகு ஆயம்மாளைப் பற்றி முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். துரையும் சம்மதித்தார். சீனிச்சாமி கூடவே வந்து கண்காணிக்க, கமருதீன் முன்னதைவிடப் பெரிய மூட்டையோடு இறங்கினார்.

மூன்றாம் நாள் கொட்டகை வாசலில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆயம்மாள் ஓரமாக நின்றாள். அதற்குள் அவள் வலி போய் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாள். அதுவும் அவளுக்கு எதிர்ச்சாட்சியாகிப்போனது. குந்தச் சொன்னார் துரை. கமருதீன் குந்தினார். எழச் சொன்னார். எழுந்தார்.

வலிக்கவில்லை.

பதறிப்போய் மறுபடி குந்தி எழுந்தார். கட்டைவிரலால் தொடையை அழுத்திப் பார்த்தார். எங்கே போய்த் தொலைந்தது அந்தப் பாழாய்ப்போன வலி? பொய்யாக ஒரு முனகல் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். வலிக்கிறதா என்று துரை கேட்டபோது, "இல்லை" என்றார்.

ஆயம்மாள் அன்றைக்கே துணிமூட்டையைக் கட்டினாள். போகிற வழியில் அவரிடம் வந்து, "அப்ப எனக்கு வலிச்சது பொய்யாண்ணே?" என்று கேட்டாள். எது மெய், எது பொய் என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். யார் எத்தனையாவது நடை இறங்கினார், எந்த நாள் வலித்தது என்று நோட்டு நோட்டாக எழுதினார். மதுரை டாக்டர் வாதம் என்றார். போடி ஹக்கீம் உடம்புச் சூடு என்றார். வீட்டில் மனைவி கமர்நிசா, இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாள். அவள் சொன்னதுதான் சரியோ என்று அவருக்கே பல நாள் சந்தேகம்.

1918-இல் விஷக்காய்ச்சல் வந்து படுத்தவர் ஒரு வருஷம் மலைப்பக்கம் போகவில்லை. தேறியதும் மூட்டை சுமந்து இறங்கினார். மூன்றாம் நாள், அதே வலி! பதினைந்து நாள் கழித்து மறுபடி இறங்கினார். வலியே இல்லை. நோட்டுகளைப் புரட்டினார். மறுநடை இறங்கிய சிலருக்கும் அப்படியேதான். மலைக்குப் பழக வருஷக்கணக்காகும் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தார்? ஒரே நடை போதும். முதல் வலி அடுத்த வலியைத் தடுத்துவிடுகிறது. அன்றைக்குத் துரை முன்னால் அவருக்கு வலிக்காததும் அதனால்தான். ஏன் தடுக்கிறது, சதைக்கு அது எப்படித் தெரிகிறது என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

மறுநாளே ராசிங்காபுரம் போனார். ஆயம்மாள் யாருடைய சோளக்காட்டிலோ களையெடுத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது.

"ஆத்தா, நீ நடிக்கல. இப்பத்தான் எனக்கு வெளங்குச்சு" என்றார் மூச்சு வாங்க. "முத நடைக்குத்தான் வலி. இன்னொரு நடை எறங்கியிருந்தேன்னா உனக்கும் வலிச்சிருக்காது."

ஆயம்மாள் களைக்கொத்தை நிறுத்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அந்த இன்னொரு நடைக்குத்தானண்ணே என்னைய விடல" என்றாள்.