ஆக்ஸிலில் ரெண்டு விரக்கடை

காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் பெரம்பலூர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மெக்கானிக் அண்ணனின் போன் வந்தது.

"தம்பி, சாக்பீஸ் அழியல. நீ தோத்துட்ட."

எங்கள் லோடு வேனின் பின்சக்கரங்களுக்கு அகலமான டயர் போட வேண்டும் என்பது என் மனைவி சுதாவின் ஆசை. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த நான், "மட்கார்டுல உரசும், முடியாது" என்றேன்.

சுதா தையல்காரி. "ஜாக்கெட் லூசா இருந்தா ரெண்டு விரக்கடை பிடிச்சுத் தைக்கிறோம்ல? ஆக்ஸிலயும் பிடிச்சா டயர் உள்ள அடங்கிடாதா?" என்றாள்.

நான் சிரித்தேன். ஒர்க்‌ஷாப்பில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. பந்தயம் அங்கேயே முடிவானது: தோற்றவர் பேஸ்புக்கில் ஊரறிய ஒத்துக்கொள்ள வேண்டும்.

சுதா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அண்ணன் பந்தயத்தை விடவில்லை. ஆக்ஸிலை இருபுறமும் குறைத்து, அகல டயரை மாட்டி, டயர் உரசினால் அழிந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸ் தேய்த்தார். செட்டிகுளத்து வெங்காய மூட்டைகளை ஏற்றி அரியலூர் போய்வந்தார்.

நான் நேரில் போய்க் குனிந்து பார்த்தேன். சாக்பீஸ் அப்படியே இருந்தது.

"லோடு பத்தாதுண்ணே."

"இருபது மூட்டைடா! அந்தப் புள்ள போன பொறவும் மல்லுக்கு நிக்கிறியே. ஒழுங்கா எழுதிப் போடு."

எழுதிவிட்டேன். சுதா சொன்னதுதான் சரி. தோற்றதில் வருத்தமில்லை. ஜெயித்தவள் கும்மாளம் போடவில்லை, அதுதான் என்னவோ போலிருக்கிறது.

"அவ அப்பவே சொன்னாளேடா" என்று எழுதப்போகிறவர்கள் வரிசையில் வாருங்கள். இதைப் போட்டதும் போனை அணைத்துவிடுகிறேன்.