பிரிக்பீல்ட்சில் எங்கள் கையில் கொடுத்த பச்சைப் பொட்டுகள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னித்துவிடுங்கள். எங்கள் மாலை வகுப்பின் வலைப்பூவில் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அப்படியே போடுகிறார்கள். கீழே தட்டச்சு செய்தும் போடுகிறார்கள் என்றாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் உண்டு என்று கேள்வி. என் கொம்புகள் ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமும் சாய்ந்திருக்கும். ‘ழ’ எழுதும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்கும் பேனாவுக்கும் இன்னும் முடிவாகவில்லை. எழுபது வயது தாண்டி எழுதக் கற்றவன் நான். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. அந்தக் காலைப்பொழுது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர் மேருவிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்குப் போய் வந்தோம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை, ஒரு பாலம் கேட்கப் போனோம். உங்கள் குடியிருப்புத் தாமானுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம். அதற்காகத்தான் வழியையும் செலவையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பெரிய லொங்காங் ஓடுகிறது. அந்தக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கடைவரிசை. அதில் ஒரு கடையின் மாடியில்தான் என் மனைவி சாரதா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். எங்கள் சன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடத்தின் பெயர்ப்பலகை தெரியும். ஆனால் குறுக்கே கிடப்பவை இரண்டு பலகைகள்தான். சக்கர நாற்காலி அதில் ஏறாது. சாலை வழியாகச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர். காருக்குப் போக எட்டு வெள்ளி, வர எட்டு வெள்ளி. கையில் காசு குறைந்த நாட்களில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பலகையில் நடப்போம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மழைக்காலத்தில் நானும் மூடிக்கொள்ளலாமா என்று தோன்றும்.

பாலம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது என்பதில்தான் முதல் குழப்பம். நகராண்மைக் கழகத்தில் கேட்டோம். இவ்வளவு பெரிய கால்வாய் எங்களுடையது இல்லை, வடிகால் இலாகாவைக் கேளுங்கள் என்றார்கள். வடிகால் இலாகாவில், தண்ணீர்தான் எங்களுடையது, பாலம் என்றால் அது பாதை, கழகத்தைக் கேளுங்கள் என்றார்கள். தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று யாருடையது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு தொண்டு அமைப்பிடமிருந்து அழைப்பு வந்தது. சில தாமான்காரர்களையும் எல்லா இலாகா அதிகாரிகளையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைப்பார்களாம். தங்கள் இடத்துக்கு என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இது ஒரு சோதனைத் திட்டம்.

நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் தலைவர் முனியாண்டி. நல்ல மனிதர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் நாற்காலி கொண்டுவந்து இறக்குபவர். எனக்கு மேல்வீட்டில் இருக்கும் மேரி, கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். மற்ற மூவரும் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள்தான்.

மேருவிலிருந்து கிள்ளான் ரயில் நிலையம் பத்து கிலோமீட்டர் இருக்கும். மூன்று மூன்று பேராக இரண்டு கார்களில் போனோம். ஒரு காருக்குப் பதினைந்து வெள்ளி. எங்கள் கார் ஓட்டுநர் தமிழ்ப் பையன்.

“எங்க அங்கிள், குரூப்பா கெளம்பிட்டீங்க?”

“பிரிக்பீல்ட்ஸ் தம்பி. அதிகாரத்த மக்கள் கையில குடுக்குறாங்களாம்.”

“அதிகாரமா? அது சம்மன் எழுதுறவன் கையிலல இருக்கு. பாத்தீங்கன்னா நான் கேட்டேன்னு சொல்லுங்க லா.”

கிள்ளானில் ஏழரை மணிக் கொமுட்டர் ரயிலில் ஏறினோம். வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் சன்னல் ஓரம் உட்கார்ந்து, வந்த நிலையங்களில் தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சுவரில் இட்லி மாவு விளம்பரம் இருந்தது. சத்தம் போட்டுப் படித்துவிட்டேன். எதிரே இருந்த சீனப் பெண்மணி தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியதும் கவனம். வெளியே போகும் வழி ஒரு பேரங்காடிக்குள் நுழைகிறது. நாங்கள் காலணிக் கடையைச் சுற்றி மறுபடியும் அதே காலணிக் கடைக்கு வந்தோம். அப்படியே இறங்கித் தெருவுக்கு வந்தபின், ஒரு பூக்கடை அக்காவிடம் வழி கேட்டேன்.

“தரையில மஞ்சக் கோடு இருக்குல்ல, கண்ணு தெரியாதவங்களுக்குப் போட்டது? அதப் புடிச்சு நேரா போங்க அங்கிள். எங்க மோட்டார் சைக்கிள் நிறுத்தி மறிச்சிருக்கானோ அங்க ரைட்டுல திரும்புங்க.”

அவர் சொன்னது போலவே மோட்டார் சைக்கிள் நின்றது. திரும்பினோம், மண்டபம் வந்தது.

வாசலில் ஒரு பதாகை. மலாயில் பெரிதாகவும் கீழே தமிழில் சிறிதாகவும் எழுதியிருந்தார்கள். அ-தி-கா-ர-ப் ப-ர-வ-லா-க்-க-ம். நான் படித்ததிலேயே நீளமான சொல் அதுதான். முடிக்கும் வரை மற்ற ஐந்து பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். படித்துவிட்டேன், பொருள்தான் விளங்கவில்லை. பொறுப்பாக இருந்த அஞ்சலி என்ற பெண்ணைக் கேட்டேன். “மேல இருக்கிற முடிவெல்லாம் கீழ வர்றது அங்கிள்” என்றாள். தலைவரோ, “மேலேருந்து பணம் வர்றதுதான், வேற என்ன” என்றார். கழகத்திலிருந்து வந்திருந்த மலாய் அதிகாரி மேடையில் அரை மணி நேரம் விளக்கினார். பொறுமையான, மரியாதையான மனிதர். அவர் பேசி முடித்தபோது எனக்கு முன்னைவிட அதிகமாகக் குழப்பமாக இருந்தது.

ஆனால் செய்முறை எளிது. ஒவ்வொரு தாமானுக்கும் சுவரில் மூன்று படங்கள். எங்களுடையவை: பின்கால்வாய்க்குச் சிறு பாலம், தொழிற்சாலைச் சாலையிலிருந்து வரும் சந்துக்கு விளக்கு, பூப்பந்து திடலுக்குக் கூரை. ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுகள் தருவார்கள். எது வேண்டுமோ அதில் ஒட்ட வேண்டும். அதிகப் பொட்டு வாங்கியது இந்த ஆண்டே நடக்கும். இரண்டாவதாக வந்தது அடுத்த ஆண்டுக்குப் பதிவாகும். மதிய உணவுக்குள் தேர்ந்தெடுக்காத தாமானின் இடம், காத்திருக்கும் வேறு தாமானுக்குப் போய்விடும்.

பொட்டுகள் வந்தன. நாங்கள் ஐந்து பேரும் அவற்றை அப்படியே தலைவரிடம் கொடுத்துவிட்டோம்.

ஏன் என்று கேட்காதீர்கள். தலைவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் எழுந்து போய் ஒட்டினால் நன்றாகவா இருக்கும்? கோயிலிலும் எல்லாம் அவர் கையால்தான். “நீங்களே பாத்து ஒட்டிருங்க தலைவரே” என்றோம். தலைவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நேராக அந்த அதிகாரியிடம் போய், எல்லாப் பொட்டுகளையும் இரண்டு கையாலும் நீட்டி, “துவான் பார்த்து எது நல்லதோ அதில் ஒட்டிவிடுங்கள்” என்று மலாயில் சொன்னார். துவான் என்றால் ஐயா. மண்டபத்தில் ஒரே சத்தம். அதிகாரிக்கு என்ன கேட்டதோ, மிச்சப் பொட்டுகள் என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைவர் திருப்தியாக வந்து உட்கார்ந்தார். நாங்கள் தே தாரேக் டீ குடித்தோம்.

மற்ற தாமான்களின் படங்கள் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டன. எங்கள் சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. அஞ்சலி ஓடி வந்தாள்.

“மேரு ஏன் இன்னும் ஒட்டல?”

“எல்லாம் குடுத்தாச்சேம்மா” என்றேன்.

“யார்ட்ட?”

“தலைவர்ட்ட.”

அவள் தலைவரைப் பார்த்தாள். “துவான்ட்ட குடுத்துட்டேன்மா” என்றார் தலைவர்.

எல்லாரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் மெதுவாகச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பொட்டுகள் அவருடைய கைக்குட்டையில் நன்றாக ஒட்டியிருந்தன. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “இதை உங்களிடம் கொடுக்கத்தான் எங்கள் அலுவலகத்தில் இத்தனை நாள் வேலை செய்தோம். நீங்கள் ஒரு மணி நேரத்தில் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்களே” என்றார். அவர் முகத்தில் இருந்த குழப்பத்தைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

புதிய பொட்டுகள் கொடுத்தார்கள். இப்போதும் யாரும் எழவில்லை. “யாராச்சும் மொதல்ல போங்க லா” என்றார் தலைவர். “நீங்க இருக்கும்போது நாங்க எப்படி?” என்றார் ஒருவர். பின்னால் சோற்றுப் பாத்திரங்களைத் திறக்கும் வாசனை வந்தது. சாப்பாடு வந்துவிட்டால் எங்கள் இடம் போய்விடும். சாரதா பலகையின் மேல் கண்ணை மூடிக்கொண்டிருப்பது என் கண்முன் தெரிந்தது. எழுந்து போனேன். படத்துக்குக் கீழே ‘சிறு பாலம்’ என்று இருந்ததை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். பொட்டு முதலில் என் நகத்தில்தான் ஒட்டியது. பிய்த்து, மூன்றையும் பாலத்தில் ஒட்டினேன்.

அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். மேரி விளக்குப் படத்துக்கு முன்னால் நின்றாள். பொட்டு விரல் நுனியில் இருந்தது. என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்து பாலத்தில் ஒட்டினாள். தலைவர் கடைசியாக ஒட்டினார். அத்தனையும் பாலத்தில். மண்டபமே கை தட்டியது.

அதிகாரி பலகையில் முதல் இடத்துக்கு நேரே பாலம் என்று எழுதினார். இரண்டாம் இடத்துக்கு நேரே ஒரு கோடு போட்டார். ஒரு பொட்டுகூட இல்லாததை அடுத்த ஆண்டுக்குப் பதிய முடியாதாம்.

அஞ்சலி என் அருகில் வந்து, “மொதல்ல தலைவர்ட்ட குடுத்தாங்க, இப்ப உங்ககிட்ட குடுத்துட்டாங்க போல அங்கிள்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாராட்டா, திட்டா என்று சாப்பிட்டு முடிக்கும் வரை யோசித்தேன். சாப்பாடு அவர்கள் செலவு. வாழைக்காய் வறுவல் நன்றாக இருந்தது.

திரும்பும் ரயிலில் தலைவர் என்னை விடவில்லை. “இனிமே நீங்கதான் தலைவர் லா. சாவு வீட்டு நாற்காலி எல்லாத்தையும் உங்க வீட்டுல எறக்கிடுறேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம். மேரியும் சிரித்தாள். ஷா ஆலாம் தாண்டிய பிறகு அவளிடம் கேட்டேன்.

“நீ வெளக்குக்குத்தானேம்மா போன? ஏன் ஒட்டல?”

“நீங்க பாலத்துல ஒட்டிட்டீங்க அங்கிள். ஆன்டி போற வழி. நான் எப்படி மாத்தி ஒட்டுறது?”

“ஒனக்கு வெளக்கு வேணும்தானே?”

“வேணும்தான். காலையில வர்றப்ப ஒரு மணி நேரம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.”

அதைச் சொல்லிவிட்டு, இறங்கும் வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பாலம் வருகிறது என்று சொன்னதும் சாரதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு மேரி என்ன கேட்டாள் என்று விசாரித்தாள். சொன்னேன்.

“அந்தப் புள்ள ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப போன காதுல வச்சு யார்கிட்டயோ பேசிக்கிட்டே வரும். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. சந்து இருட்டுக்குப் பயந்துக்கிட்டு” என்றாள். “ஆறு பேர் ஒண்ணா போனீங்க. ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கலயா?”

கேட்டுக்கொள்ளவில்லை. மேரியின் மூன்று பொட்டுகள் விளக்கில் இருந்திருந்தாலும் பாலம் முதலில்தான் வந்திருக்கும். விளக்கும் அடுத்த ஆண்டுக்குப் பதிவாகியிருக்கும். இதைத் தாளில் பொட்டு வரைந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். பாலத்தை நினைத்தால் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கோட்டை நினைத்தால் சந்தோஷம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதிகாரம் மேலே இருந்து கீழே வந்ததா, தலைவரிடமிருந்து என்னிடம் வந்ததா, அல்லது அன்று முழுவதும் அதிகாரியின் கைக்குட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு இருபது வெள்ளி இருந்தால் போதும். பேரங்காடிக்குள் நுழைந்தால் காலணிக் கடைப் பக்கம் போகாதீர்கள். மண்டபத்தில் குளிர் அதிகம், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பொட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ரயிலில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இட்லி மாவு விளம்பரத்தைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்ளலாம்.

கால்வாயை அளக்க ஆட்கள் வந்து போய்விட்டார்கள். சந்து விளக்கு கழகத்துடையதா, மின்சாரக்காரர்களுடையதா, அதற்கும் ஓர் அதிகாரப் பரவலாக்கம் இருக்கிறதா என்று தலைவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் கிள்ளானில் கழக அலுவலகத்துக்குப் போய்க் கேட்கப் போகிறோம். தலைவர் வருகிறார், நானும் வருகிறேன். உள்ளே போனதும் நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு. பேசப்போவது மேரி. அவள் என்ன கேட்டாள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வந்ததும் எழுதுகிறேன்.